லாப்ல ஓடின பற்றரி சந்தைக்கு வாறதெப்பிடி: ஸ்டார்ட்அப் தொடங்க நினைக்கிற ஆக்களுக்கு படிப்படியா ஒரு வழிகாட்டி

வருஷத்தில நாலு அஞ்சு பேராவது வெள்ளவத்தையில என்னைத் தேடி வருவினம். கூடுதலா மொறட்டுவ, கொழும்பு, யாழ்ப்பாணம் கம்பஸில கடைசி வருஷமோ எம்.பில்லோ செய்யிற பிள்ளையள். ஃபோன்ல ஒரு கிராஃபைக் காட்டி, "அண்ணா, 500 தரம் சார்ஜ் ஏத்தி இறக்கியும் அப்பிடியே நிக்குது, இதை வச்சு ஒரு கொம்பனி தொடங்கலாமா" எண்டு கேப்பினம். நான் ஆறு வருஷமா ஒரு சின்ன டீம்ல ஓட்டோவுக்கும் சோலார் வீடுகளுக்கும் பற்றரி பாக் செய்யிற ஆள், பேராசிரியரும் இல்லை முதலீட்டாளரும் இல்லை, ஆனா இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தரமும் இரண்டு மணித்தியாலம் கதைக்க வேண்டி வாறதால ஒரேயடியா எழுதி வைக்கிறன். புதுசா வாற ஆளுக்குத்தான் எழுதுறன், அதால அடிப்படையில இருந்தே போவம்.

முதல்ல ஒண்டு விளங்க வேணும். பற்றரி ஸ்டார்ட்அப்பின்ர வேலை கண்டுபிடிக்கிறது இல்லை. கண்டுபிடிப்பு கம்பஸ் லாப்லயே முடிஞ்சிருக்கும், பேப்பரும் வந்திருக்கும். உங்கட பேப்பரைப் பாத்து ஒரு பெரிய பற்றரி கொம்பனி ஆர்வப்பட்டுக் கடிதம் போட்டா அவையள் கேக்கப்போறது மூண்டே மூண்டு விஷயம்: எங்கட மிஷின்ல இது ஓடுமா, ஒரு 10 கிலோ தருவீங்களா, அடுத்த மாசம் அதே 10 கிலோவை அதே குணத்தோட திருப்பித் தருவீங்களா. லாப்பிட்ட இருக்கிறது 2 கிராம், அதுவும் எப்பவோ நல்லா வந்த ஒரு நாளில செய்தது. அந்த 2 கிராமுக்கும் 10 கிலோவுக்கும் நடுவில கிடக்கிற இடத்தில நிக்க கம்பஸுக்கும் நேரமில்லை, ஃபாக்டரிக்கும் பொறுமையில்லை. அங்க நிக்கிறதுதான் ஸ்டார்ட்அப்.

இது எப்பவும் இப்பிடி இருக்கேல்லை. இப்ப எங்கட ஃபோன்ல இருக்கிற லிதியம் அயன் பற்றரியை எடுத்துப் பாருங்கோ. 1970களில எக்ஸோன் கொம்பனியில ஸ்டான்லி விட்டிங்ஹாம் தொடக்கினது, 1980ல ஒக்ஸ்ஃபோர்ட்ல ஜோன் குட்இனஃப் ஆக்கள் கோபால்ட் ஒக்சைட் கதோட்டைக் (பற்றரியின்ர நேர் முனை) கண்டுபிடிச்சது, 1985ல ஜப்பான்ல அசாஹி கசேயில அகிரா யோஷினோ கார்பன் அனோட் (எதிர் முனை) போட்டு முழு செல்லாக் கட்டினது, 1991ல சோனி கடைக்குக் கொண்டு வந்தது. மூண்டு பேருக்கும் 2019ல நோபல் கிடைச்சது. 1980ல இருந்து 1991 எண்டா பதினொரு வருஷம், அதைத் தாங்கினது முழுக்கப் பெரிய கொம்பனியள். ஆனா அடுத்த தலைமுறை வேறமாதிரி வந்தது. 1997ல டெக்சாஸ்ல குட்இனஃபின்ர குழு இரும்பு பொஸ்பேட் கதோட்டை வெளியிட்டினம், எல்எஃப்பி எண்டு இப்ப எல்லாரும் சொல்லுறது. மலிவு, பாதுகாப்பு, ஆனா மின்சாரம் சரியாக் கடத்தாது. அதைத் துகளைச் சின்னனாக்கி, கார்பன் பூசி ஓட வைக்கக் கனபேர் மினக்கெட்டினம். அவையளில ஒண்டு 2001ல எம்ஐடி பேராசிரியர் யெட்-மிங் சியாங் உட்பட்ட ஆக்கள் தொடங்கின ஏ123 எண்ட ஸ்டார்ட்அப். அவையள் முதல்ல போனது காருக்கு இல்லை, டிவோல்ட் ட்ரில் மிஷினுக்கு. இந்த ஒரு முடிவைப் பற்றிப் பிறகு கதைப்பம்.

படி 1: நீங்கள் எந்தப் பெட்டிக்குள்ள எண்டு பாருங்கோ

"பற்றரி ஸ்டார்ட்அப்" எண்டு ஒண்டு இல்லை. ஒண்டு, பொருள் செய்யிற கொம்பனி, அதாவது அனோட் பவுடர், கதோட் பவுடர், எலெக்ட்ரோலைட் (ரெண்டு முனைக்கும் நடுவில அயன் ஓடுற திரவம்). இரண்டு, செல் செய்யிறது. மூண்டு, செல்லை வெளியில வாங்கி, அதுகளைச் சேத்துக் கட்டின பாக்கும், அதைக் கண்காணிக்கிற பிஎம்எஸ் எண்ட எலெக்ட்ரோனிக் போர்ட்டும் செய்யிறது. நாலு, ஓடுற பற்றரியின்ர டேட்டாவைப் பாத்து எப்ப பழுதாகும் எண்டு சொல்லுற சொஃப்ட்வெயர். அஞ்சு, பழசை உடைச்சு லோகத்தை எடுக்கிறது. ஒவ்வொண்டுக்கும் காசும் வேற, காலமும் வேற, வேணுமான ஆக்களும் வேற.

கொழும்பில இருந்து கொண்டு இரண்டாவதைத் தொடாதேங்கோ. நான் இதைக் கடுமையாச் சொல்லுறன், ஏன் எண்டா வாற பிள்ளையளில பாதிப்பேர் "ஜிகாஃபாக்டரி", அதாவது பென்னாம்பெரிய செல் ஃபாக்டரி, எண்ட சொல்லோடதான் வருவினம். சுவீடன்ல நோர்த்வோல்ட் எண்டு 2016ல தொடங்கின கொம்பனி, டெஸ்லாவில வேலை செய்த ஆள் தலைமை, ஃபோக்ஸ்வாகன் மாதிரி ஆக்களின்ர காசு, கிட்டத்தட்ட 15 பில்லியன் டொலர் திரட்டினது. ஆனா செல்லை வேளைக்கு, சரியான தரத்தில எடுக்க ஏலாமப் போய், 2024ல பிஎம்டபிள்யூ 2 பில்லியன் யூரோ ஓடரை ரத்துச் செய்ய, 2025 மார்ச்சில சுவீடன்லயே திவாலானது. அவையளிட்ட அறிவு இல்லாம இல்லை. செல் செய்யிறது அவ்வளவு கஷ்டம். தூசி, ஈரப்பதன், பூச்சின் தடிப்பு, எல்லாம் லட்சக்கணக்கான செல்லில ஒரே மாதிரி வர வேணும். கொழும்பின்ர ஈரப்பதனில லிதியம் எலெக்ட்ரோலைட் ஊத்திற ரூமை மைனஸ் 40 பாகை பனிநிலைக்கு (காத்தில ஈரமே இல்லை எண்ட அளவுக்கு) காய வச்சிருக்கிற கரண்ட் பில்லை மட்டும் யோசிச்சுப் பாருங்கோ.

மூண்டாவதுக்கு நல்ல உதாரணம் பக்கத்திலயே இருக்கு. ஏதர் எனர்ஜி, 2013ல ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச இரண்டு பேர் தொடங்கினது. செல்லை வெளியில வாங்கி, பாக்கையும் பிஎம்எஸ்ஸையும் தாங்களே செய்து, ஐந்து வருஷத்துக்குப் பிறகு, 2018லதான் 450 ஸ்கூட்டரை வாடிக்கையாளரிட்ட குடுத்தவை. 2025ல பங்குச் சந்தைக்கும் வந்தினம். நாங்கள் செய்யிறதும் இந்த வகைதான், 3.2 வோல்ட் எல்எஃப்பி செல் 16ஐத் தொடராப் போட்டா 51.2 வோல்ட் பாக், சோலார் இன்வேட்டரோட நேரா சேரும்.

பொருள் செய்யிற பெட்டியில இலங்கைக்கு ஒரு தனிக் கதை இருக்கு, காரீயம், அதாவது கிராஃபைட். கேகாலைப் பக்கம் "போகல" எண்ட சுரங்கம், குருநாகல் பக்கம் "கஹட்டகஹ" சுரங்கம், இரண்டிலயும் எடுக்கிறது நரம்பு நரம்பா ஓடுற காரீயம், நிலத்தில இருந்து வரேக்கயே 90 வீதத்துக்கு மேல கார்பன். மற்ற நாடுகளில செதில் காரீயம் எடுக்கிற பாறையில பத்து வீதம் இருந்தாலே நல்லது எண்டு சொல்லுவினம். ஒரு கிலோவாட்-அவர் (kWh, சேமிக்கிற மின்சாரத்தின்ர அளவு) பற்றரிக்கு அண்ணளவா ஒரு கிலோ காரீயம் போகுது. இதைக் கேட்ட உடன எல்லாருக்கும் ஒரு சூடு ஏறும், எனக்கும் ஏறினது. ஆனா தோண்டின காரீயம் அனோட் இல்லை. அதை 99.95 வீதத்துக்குச் சுத்தப்படுத்தி, பத்து இருபது மைக்ரோன் உருண்டையா உருட்டி, மேல கார்பன் பூசினாத்தான் பற்றரிக்காரன் வாங்குவான். உருட்டேக்க பாதி, சில வேளை அதுக்கு மேலயும், தூளாக் கழியும். இந்த நடுவேலையின்ர பெரும்பங்கு சீனாவிலதான் நடக்குது, 2023 டிசம்பர்ல இருந்து அவையள் காரீய ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் வேணும் எண்டும் கொண்டு வந்தினம். அதால வெளிநாட்டில ஆக்கள் வேற இடம் தேடினம். எங்கட காரீயத்தை எப்பிடி உருட்டினாக் கழிவு குறையும், கழிஞ்ச தூளை என்னத்துக்குப் பாவிக்கலாம், ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இல்லாம சுத்தப்படுத்தலாமா, இப்பிடி ஒரு கேள்வியைப் பிடிச்சவருக்கு இங்க இடம் இருக்கு எண்டு நான் நம்புறன். ஹோமாகமயில ஸ்லின்டெக் எண்ட நனோ தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அவையளும் எல்ஓஎல்சி எண்ட நிதிக் கொம்பனியும் சேர்ந்து இலங்கைக் காரீயத்தில கிராஃபீன் செய்யிற கொம்பனி ஒண்டு நடத்தினம், அதால வழி முழுக்க இருட்டு இல்லை.

படி 2: உங்கட ரிசல்ட்டை நீங்களே உடைச்சுப் பாருங்கோ

இதிலதான் நான் கூட நேரம் எடுப்பன், ஏன் எண்டா முதலீட்டாளரோட எஞ்சினியர் வந்து செய்யப்போறது இதைத்தான், அவர் செய்யிறதுக்கு முதல் நீங்கள் செய்ய வேணும்.

லாப் ரிசல்ட் கூடுதலா காசு அளவு கொயின் செல்லில எடுத்தது. அதில மூண்டு விஷயம் உங்களுக்குச் சாதகமா ஒளிஞ்சிருக்கும். முதலாவது, பூச்சு மெல்லிசு. சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு மில்லியாம்ப்-அவர் (mAh) கூட இல்லாம டெஸ்ட் பண்ணியிருப்பீங்கள், ஃபாக்டரி செல்லில மூண்டு அல்லது அதுக்கு மேல இருக்கும். பூச்சைத் தடிப்பாக்கினா லிதியம் அயன் உள்ளுக்குப் போய் வாறதுக்கு நேரம் எடுக்கும், வேகமா சார்ஜ் ஏத்தேக்க ரிசல்ட் இடிஞ்சு விழும். இரண்டாவது, எலெக்ட்ரோலைட். கொயின் செல்லில துளி துளியா விட்டு மிதக்க விடுவம், உண்மையான செல்லில ஒரு ஆம்ப்-அவருக்கு (Ah) ரெண்டு மூண்டு கிராமோடதான் சீவிக்க வேணும். மூண்டாவதுதான் பெரிய ஏமாத்து. எதிர்ப்பக்கத்தில லிதியம் தகடு போட்டு டெஸ்ட் பண்ணினா, ஒவ்வொரு தரமும் தொலையுற லிதியத்தை அந்தத் தகடு நிரப்பிக் கொண்டே இருக்கும், தொலைஞ்சதே தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறன். ஒவ்வொரு சார்ஜிலயும் போட்ட லிதியத்தில 99.9 வீதம் திரும்பி வருது எண்டு வையுங்கோ, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வேற எங்கயும் லிதியம் மிச்சம் இல்லாத முழு செல்லில அதை 1000 தரம் பெருக்கினா மிஞ்சிறது 37 வீதம். 99.5 வீதம் எண்டா 200 தரத்திலயே அந்த 37க்கு வந்திடும். 1000 தரத்துக்குப் பிறகும் 80 வீதம் நிக்க வேணும் எண்டா 99.98 வேணும். இந்தக் கடைசி இலக்கத்தை அளக்கிறதுக்கே உங்கட டெஸ்டர் அவ்வளவு துல்லியமா எண்டு முதல்ல பாக்க வேணும்.

அதால செய்ய வேண்டியது: சரியான எதிர் எலெக்ட்ரோட் போட்டு முழு செல், தடிப்பான பூச்சு, அளந்த எலெக்ட்ரோலைட், சின்ன பவுச் செல்லில (பை மாதிரி மெல்லிய செல்), அறை வெப்பத்திலயும் 45 பாகையிலயும். 45 ஏன் எண்டா கொழும்பு வெயில்ல நிக்கிற ஓட்டோவின்ர சீட்டுக்குக் கீழ அதைவிடக் கூட வரும், சூடு கூடக் கூட பற்றரி கெதியா வயசு போகும். பிறகு பவுடரை மூண்டு வேற வேற நாளில, முடிஞ்சா மூண்டு வேற வேற ஆக்களைக் கொண்டு, திருப்பிச் செய்யுங்கோ. மூண்டும் ஒரே மாதிரி வந்தா உங்களிட்ட ஒரு பொருள் இருக்கு. ஒண்டு நல்லா வந்து ரெண்டு சுமாரா வந்தா உங்களிட்ட இருக்கிறது இன்னும் ஒரு பேப்பர்தான்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்லுறன். தொடக்கத்தில நாங்களும் நிக்கல் கூடின கதோட் பவுடர் ஒண்டோட கொஞ்சக் காலம் மினக்கெட்டனாங்கள். ஏப்ரல்ல செய்தது அருமையா வந்தது, ஜூன்ல அதே டப்பாவில இருந்து எடுத்தது பசை கரைக்கேக்கயே தயிர் மாதிரி உறைஞ்சு போச்சு. ரெண்டு மாசம் ஆளை ஆள் பாத்துக் கொண்டு இருந்தம், கடைசியில மூடியைத் திறந்து திறந்து மூடினதில தென்மேல் பருவக் காத்தின்ர ஈரம் உள்ளுக்குப் போய், பவுடரின்ர மேற்பரப்பில காரம் உண்டாகி, பைண்டரை (துகளை ஒட்டிப் பிடிக்கிற பசையை) கெடுத்திருக்கு எண்டு விளங்கினது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு டப்பாவிலயும் எப்ப திறந்தது, எவ்வளவு நேரம், ரூம்ல ஈரப்பதன் எவ்வளவு எண்டு எழுதிற கொப்பி ஒண்டு வச்சம். நீங்கள் முதல் நாளே அந்தக் கொப்பியைத் தொடங்குங்கோ.

படி 3: வாய் திறக்கிறதுக்கு முதல் பேட்டன்ட்

ஒக்ஸ்ஃபோர்ட் குட்இனஃபின்ர கோபால்ட் கதோட்டைப் பேட்டன்ட் பண்ண விரும்பேல்லை, உரிமை ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், உலகம் முழுக்க வித்த பற்றரியில அவருக்கு ரோயல்டி வரேல்லை. இதைப் பிள்ளையளுக்கு நான் எப்பவும் சொல்லுறது.

ஐரோப்பாவில நீங்களே உங்கட கண்டுபிடிப்பை முதல்ல வெளியில சொல்லிப்போட்டுப் பிறகு விண்ணப்பிச்சா அது புதுசில்லை எண்டு தள்ளிப்போடுவினம். மாநாட்டுப் போஸ்டரும் வெளியில சொன்ன கணக்குத்தான். அதால ஆய்வுக்கட்டுரையை லைப்ரரிக்குக் குடுக்க முதல், போட்டியில மேடை ஏற முதல், விண்ணப்பம் போக வேணும். கொழும்பு 10, டீ.ஆர். விஜேவர்தன மாவத்தை, சமாகம் மெதுர கட்டடத்தில தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கு, 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ விண்ணப்பிக்கலாம், பேட்டன்ட் காலம் 20 வருஷம். ஆனா இலங்கைப் பேட்டன்ட் இலங்கைக்குள்ள மட்டும், பற்றரி செய்யிறதோ சீனா, கொரியா, ஜப்பான். இங்க போட்ட நாளில இருந்து 12 மாசத்துக்குள்ள பிசிடி எண்ட சர்வதேச விண்ணப்பம் போட்டா முதல் திகதி பத்திரமா இருக்கும், எந்தெந்த நாட்டுக்குள்ள போறது எண்டு முடிவெடுக்க அந்த முதல் திகதியில இருந்து 30 மாசம் அளவு கிடைக்கும். பெரிய செலவு அந்த 30 மாசத்துக்குப் பிறகுதான் வரும், அதுக்குள்ள காசோ பங்காளியோ தேட வேணும்.

கம்பஸின்ர உரிமை என்ன எண்டு எழுத்தில கேளுங்கோ. பேராசிரியரோட எவ்வளவு நல்ல உறவு இருந்தாலும் கேளுங்கோ, பின்னுக்கு அந்த உறவு கெடாம இருக்கிறதுக்கே இது வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு டீம் மூண்டு வருஷம் உழைச்சு முதலீட்டாளர் கையெழுத்து வைக்கிற நேரத்தில, உரிமை ஆருக்கு எண்ட கடிதம் கம்பஸில இருந்து வராம ஒன்பது மாசம் இழுபட்டு, காசு வேற இடத்துக்குப் போட்டுது.

இன்னொரு பக்கமும் இருக்கு, உங்களிட்ட பேட்டன்ட் இருக்கு எண்டதால மற்றவையின்ர பேட்டன்டை மிதிக்கேல்லை எண்டு இல்லை. ஏ123யும் எல்எஃப்பி உரிமைக்காக டெக்சாஸ் பல்கலைக்கழகம், ஹைட்ரோ-கியூபெக் ஆக்களோட வருஷக்கணக்கா வழக்காடி 2011லதான் சமரசத்துக்கு வந்தது.

படி 4: லாப்பை விட்டு வெளியில போய்க் கேளுங்கோ

பஞ்சிகாவத்தையில பற்றரிக் கடை வச்சிருக்கிற முதலாளிமார், முதலாம் குறுக்குத் தெருவில யூபிஎஸ் திருத்திற ஆக்கள், கோட்டை ஸ்டேஷனுக்கு முன்னால நிக்கிற ஓட்டோ அண்ணாமார், ஹோட்டல்ல ஜெனரேட்டர் பாக்கிற எஞ்சினியர், ஃபோன் டவருக்குப் பற்றரி மாத்திற கொன்ட்ராக்டர். இவையளிட்ட "எங்கட பற்றரி வாங்குவீங்களா" எண்டு கேக்காதேங்கோ, முகத்துக்காக ஓம் எண்டுதான் சொல்லுவினம். இப்ப என்ன பாவிக்கிறீங்கள், எத்தினை மாசத்தில மாத்திறீங்கள், கடைசியா மாத்தேக்க எவ்வளவு குடுத்தனீங்கள், பழுதான அண்டைக்கு என்ன நட்டம், இப்பிடி நடந்ததைக் கேளுங்கோ. நான் முப்பது ஓட்டோக்காரரிட்ட இப்பிடிக் கேட்டன். நாங்கள் ஒரு சார்ஜுக்கு எத்தினை கிலோமீற்றர் எண்டதையே பெருசா நினைச்சுக்கொண்டு போனம், அவையள் திருப்பித் திருப்பிக் கேட்டது "மழையில நனைஞ்சா என்ன" எண்டும் "பழுதானா ஆர் வந்து பாக்கிறது" எண்டும்தான். பாக்கின்ர மூடியையே அதுக்குப் பிறகு மாத்தினம்.

இங்க தேவை இருக்கு, அதில எனக்குச் சந்தேகமில்லை. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்ததை ஆரும் மறக்கேல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சு நாடே இருண்டது, பகல்ல சோலார் கூடி பாவனை குறைஞ்ச நேரம் எண்டதால கட்டமைப்பு தாங்கேல்லை. அந்த ஏப்ரல்ல புதுவருஷ லீவுக்கு கூரைச் சோலாரை நிப்பாட்டி வையுங்கோ எண்டு மின்சார சபையே கேட்டது. பகல் வெயிலை இரவுக்குக் கொண்டு போக ஏதாவது வேணும் எண்டு இப்ப சாதாரண வீட்டுக்காரருக்கும் விளங்குது.

படி 5: எந்தச் சந்தைக்குள்ள முதல்ல நுழையிறது

டிவோல்ட் ட்ரில் மிஷின் கதைக்கு இப்ப வாறன். கார்க் கொம்பனி ஒரு புதுச் செல்லை ஏற்க வருஷக்கணக்கு எடுக்கும், விலையையும் கழுத்தைப் பிடிச்சு நெரிக்கும். ட்ரில் வாங்கிற மேசனுக்கு ஒரு மணித்தியாலத்தில நூறு ஓட்டை போட வேணும், அதுக்குக் கூடக் காசு குடுப்பார். ஏ123 அங்க வளர்ந்தது, 2009ல பங்குச் சந்தைக்கும் போனது. பிறகு காருக்காகப் பெரிய ஃபாக்டரி கட்டி, ஓடர் எதிர்பாத்த அளவு வராம, ஃபிஸ்கர் காருக்குக் குடுத்த செல்லில குறை வந்து திருப்பி எடுத்து, 2012ல திவாலாகி சீனாவின்ர வான்சியாங்கிட்டப் போனது. ஒரே கொம்பனிக்குள்ள செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் ரெண்டும் இருக்கு.

சிலா எண்ட கொம்பனி 2011ல தொடங்கினது, ஜோர்ஜியா டெக் பேராசிரியர் ஒருத்தரும் டெஸ்லாவின்ர ஆரம்ப ஊழியர் ஒருத்தரும் உட்பட மூண்டு பேர், சிலிக்கன் அனோட். அவையள் ஃபாக்டரியை மாத்தச் சொல்லேல்லை, காரீயத்துக்குப் பதிலா எங்கட பவுடரைப் போடுங்கோ, மற்ற மிஷின் எல்லாம் அப்பிடியே ஓடட்டும் எண்டு தொடக்கத்தில இருந்தே அந்த மாதிரி வடிவமைச்சினம். அப்பிடியிருந்தும் முதல் பொருள் கடைக்கு வந்தது 2021ல, கையில கட்டிற வூப் எண்ட சின்னக் கருவிக்குள்ள. பத்து வருஷம்.

மற்றது விலை. நீங்கள் போட்டி போடப்போறது இண்டைய விலையோட இல்லை, நீங்கள் கடைக்கு வாற நாளின்ர விலையோட. லிதியம் அயன் பாக் 2010ல கிலோவாட் அவருக்கு 1000 டொலருக்கு மேல, 2024ல புளூம்பெர்க்என்இஎஃப் கணக்கில சராசரி 115 டொலர். அக்வியன் எண்டு கார்னகி மெலன்ல இருந்து வந்த உப்புத்தண்ணி பற்றரி, 2008ல தொடங்கேக்க அருமையான யோசனை, பாதுகாப்பு, மலிவான பொருள். அவையள் ஃபாக்டரியை ஓட வைக்கிறதுக்குள்ள லிதியம் விலை கீழ போட்டுது, 2017 மார்ச்சில திவால். அவையளின்ர கெமிஸ்ட்ரி பிழைச்சுப் போகேல்லை. அதால உங்கட விலைக் கணக்கில எதிராளியின்ர விலையைப் பாதியாக்கிப் போட்டுப் பாருங்கோ. அப்பவும் நிக்குமெண்டா நல்லது. நிக்காட்டி விலையால வெல்லாம வேற எதாலயாவது, சூட்டைத் தாங்கிறதாலயோ ஆயுளாலயோ, வெல்லுற இடத்தைத் தேடுங்கோ.

படி 6: கொம்பனியும் காசும்

கொம்பனி பதியிறது லேசு, 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ ஒன்லைன்ல செய்யலாம், அதில மினக்கெட ஒண்டுமில்லை. மினக்கெட வேண்டியது பங்கு பிரிக்கிறதில. நாலு வருஷத்தில கொஞ்சம் கொஞ்சமா உரித்தாகிற மாதிரி எழுதுங்கோ, எங்கட பிள்ளையளில ஒராள் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ பிஎச்டிக்குப் போறது ஆச்சரியமே இல்லை, போற ஆள் கால்வாசிப் பங்கோட போனா பிறகு வாற முதலீட்டாளர் திரும்பியும் பாக்கார்.

காசை ஒரே இடத்தில தேடாதேங்கோ. முதல் கட்டத்துக்கு, அதாவது படி 2 முடியுமட்டும், பங்கு விக்காம மானியத்தில ஓட்டப் பாருங்கோ, தேசிய விஞ்ஞான மன்றம், அரசாங்கத்தின்ர தகவல் தொழில்நுட்ப நிறுவனமான ஐசிடிஏயின்ர ஸ்பைரலேஷன் மாதிரித் திட்டங்களில அந்த நேரம் எது திறந்திருக்கு எண்டு பாருங்கோ. கோட்டையில ஹட்ச், யாழ்ப்பாணத்தில யாழ் ஐடி ஹப் ஆக்கள் வழிகாட்டலுக்கு நல்லம், லங்கன் ஏஞ்சல் நெட்வொர்க் வழியா முதலீட்டாளரைச் சந்திக்கலாம். ஆனா இங்க கூடப்பேருக்குப் பழக்கம் சொஃப்ட்வெயர் கொம்பனி, ரெண்டு வருஷத்தில பாவனையாளர் எத்தினை லட்சம் எண்டு கேப்பினம். அவையளுக்குப் பத்து வருஷக் கதை சொல்லி மயக்கப் பாக்காதேங்கோ, "இந்தக் காசில 14 மாசத்தில 1 கிலோவை மூண்டு தரம் ஒரே மாதிரிச் செய்து, வெளி லாப் ஒண்டின்ர ரிப்போர்ட் எடுப்பம்" எண்டு அளக்கக்கூடிய ஒண்டைச் சொல்லுங்கோ. அது நடந்தா அடுத்த காசு வரும்.

பாக் அல்லது சொஃப்ட்வெயர் செய்யிற ஆக்களுக்கு இவ்வளவு பாடு இல்லை, வித்துக்கொண்டே வளரலாம். பொருள் செய்யிற ஆராய்ச்சியை வச்சிருக்கிற சிலர் பக்கத்தில பாக் செய்து வித்து அதில ஆராய்ச்சியை ஓட்டலாம் எண்டு நினைப்பினம். நாங்களும் நினைச்சனாங்கள். ரெண்டில ஒண்டு பட்டினி கிடக்கும், எங்களிட்ட கிடந்தது ஆராய்ச்சி, கடைசியில அந்தக் கதோட் வேலையை விட்டனாங்கள்.

படி 7: கிராமில இருந்து கிலோவுக்கு

50 கிராமில சரியா வந்த கலவை 5 கிலோவில வராது, ஏன் எண்டா பெரிய பாத்திரத்தில நடுவுக்குச் சூடு போக நேரம் எடுக்கும், கலக்கிற வேகம் மாறும், துகள் அளவு மாறும். ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கிற ஆளிட்டக் கேளுங்கோ, வீட்டு அளவைப் பெருக்கிப் போட்டாச் சரிவராது எண்டு சொல்லுவார். பத்து மடங்கு பத்து மடங்காப் போங்கோ, ஒவ்வொரு கட்டத்திலயும் படி 2ஐத் திருப்பிச் செய்யுங்கோ.

சொந்தமா மிஷின் வாங்க அவசரப்படாதேங்கோ. எங்களுக்குக் கடல் தாண்டி ஒரு மணித்தியாலச் சொச்சத்தில இருக்கிறது தமிழ்நாடு. காரைக்குடியில மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், செக்ரி, அழகப்பச் செட்டியார் குடுத்த நிலத்தில 1953ல திறந்தது, பற்றரி எண்டா இந்தப் பக்கத்தில அவையளைவிடப் பழம் தின்ற ஆக்கள் இல்லை. சென்னை தரமணியில அவையளின்ர லிதியம் அயன் செல் செய்யிற லைனும் இருக்கு, அதுக்குக் கிட்டவே ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க். இங்கிலாந்தில கொவென்ட்ரியில 2021ல திறந்த பற்றரி தொழில்மயமாக்கல் நிலையம் இந்த வேலைக்கெண்டே கட்டினது, தங்கட லைனை வாடகைக்குக் குடுப்பினம். ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தாகாம ரெசிப்பியை மட்டும் அனுப்பாதேங்கோ.

படி 8: சாம்பிள் அனுப்பிறது

இதில புது ஆக்கள் எல்லாரும் மாட்டுப்படுவினம். தனியா அனுப்பிற லிதியம் அயன் செல்லை 2016 ஏப்ரல்ல இருந்து பயணிகள் விமானத்தில ஏத்த விடமாட்டினம், சரக்கு விமானத்தில எண்டாலும் சார்ஜ் 30 வீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, ஐநா 38.3 எண்ட பாதுகாப்பு டெஸ்ட் பாஸ் பண்ணியிருக்க வேணும். அது எட்டு டெஸ்ட்: உயரம், சூடு குளிர், அதிர்வு, அடி, வெளி ஷோர்ட், நசுக்கல், கூட சார்ஜ், வலுக்கட்டாயமா இறக்கல். லாப் செல்லுக்கு இதெல்லாம் இருக்காது. அதால செல்லை அனுப்பாதேங்கோ, பவுடராவோ பூசின எலெக்ட்ரோட்டாவோ ஈரம் புகாத அலுமினிய பையில வக்யூம் பண்ணி, பாதுகாப்புத் தரவுத்தாளோட அனுப்புங்கோ, செல்லை அவையள் கட்டட்டும். அவையளின்ர கையால கட்டின செல்லில வாற ரிசல்ட்தான் உங்களுக்கும் பெறுமதி. அனுப்பின ஒவ்வொரு டப்பாவிலயும் பாதியை உங்களிட்ட வச்சிருங்கோ, அங்க சரிவராட்டி இங்க எடுத்துத் திருப்பிப் பாக்க வேணும்.

சாம்பிள் பிடிச்சுப் போனா அடுத்து வாறது கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தம். அதில "தனியுரிமை" எண்ட சொல்லைத் தேடுங்கோ. பெரிய கொம்பனி ஒண்டு உங்கட பொருள் முழுக்கத் தங்களுக்கு மட்டும் எண்டு கேக்கும், ரெண்டு வருஷம் ஷெல்ஃபில வச்சிட்டு வேண்டாம் எண்டாலும் சொல்லும். குடுக்கத்தான் வேணும் எண்டா ஒரு பாவனைக்கு மட்டும் குடுங்கோ, உதாரணமா மூண்டு சில்லு வாகனத்துக்கு மட்டும், 18 மாசத்துக்கு மட்டும், அதுக்குள்ள இத்தினை கிலோ வாங்காட்டி உரிமை தானாத் திரும்பி வர வேணும் எண்டு எழுதி. இந்த ஒரு பந்தியை மட்டும் சட்டத்தரணிக்குக் காசு குடுத்து வாசிப்பிச்சிட்டுக் கையெழுத்து வையுங்கோ.